212 கேம் பாக்கி: எந்த வழியில் தீர்ப்பது?

இரண்டு வருடத்துக்கு முந்திய தீபாவளிக்கு மறுநாள். விருந்தாளிகள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், முறுக்கு டின் பாதி காலி. வேறு வேலை இல்லாததால், என்னிடம் மொத்தம் எத்தனை கேம் இருக்கிறது என்று எண்ண உட்கார்ந்தேன். இணையக் கேம் கடையான ஸ்டீமில் 148. அதே மாதிரி இன்னொரு கடையான எபிக்கில் 57. அலமாரியில் பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் 19. ஆக 224. இதில் கடைசிவரை விளையாடி முடித்தவை 12. மீதி 212-ம் பாக்கி.

அக்காள் மகன் எங்களோடுதான் இருக்கிறான். அப்போது அவனுக்கு வயது 14. பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் கணக்குப் போட்டான். "ஒரு கேமுக்குச் சராசரி 20 மணி நேரம்னு வெச்சிக்குவோம் மாமா. 4,240 மணி நேரம் வருது. வாரத்துக்கு எத்தன மணி நேரம் விளையாடுவீங்க?" ஒன்பது என்றேன். அதுவும் நல்ல வாரத்தில். "அப்போ ஒம்போது வருஷம். இனிமே ஒண்ணுகூட வாங்கக் கூடாது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வேறு எதுவும் சொல்லவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

இவ்வளவு பாக்கி எப்படிச் சேர்ந்தது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா. பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனை, அதாவது பாமாயில் மரம். மலேசியாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டது இங்கேதான், 1917-இல், ஹென்றி ஃபோகோனியர் என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் தென்னமரம். தென்னை பெயரில் தோட்டம், உள்ளே முழுக்கச் செம்பனை. சின்ன வயதில் இது எனக்குப் பெரிய வேடிக்கை. அந்தக் காலத்தில் கேம் கடை என்று ஊரில் எதுவும் கிடையாது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்) பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் கிடைக்கும்; திருட்டு டிஸ்க்தான், அப்போது வேறு எதுவும் கண்ணில் பட்டதில்லை. மாதம் ஒன்று வாங்கினால் பெரிய காரியம். வாங்கிய ஒன்றை, கீறல் விழுந்து ஓடாமல் போகும்வரை விளையாடுவோம். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமின் தெருக்கள் எனக்கு கோலாலம்பூர் தெருக்களைவிட நன்றாகத் தெரியும்.

அப்படிக் காய்ந்து கிடந்தவனுக்குச் சம்பளமும் வந்து, ஸ்டீமில் வெள்ளிக் கணக்கிலேயே விலையும் போட்டு, வருடத்துக்கு நாலு தடவை மலிவு விற்பனையும் வைத்தால் என்ன ஆகும்? 2018 டிசம்பரில் தொடங்கிய எபிக் கடை வாரா வாரம் இலவசமாகக் கேம் கொடுத்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டில் அடைந்தோம். அந்த மே மாதத்தில் ஜிடிஏ 5-ஐயே சும்மா கொடுத்தார்கள். வேண்டாம் என்று யார் சொல்வார்? நான் சொல்லவில்லை.

சரி, பாக்கியை என்ன செய்வது? வெறுமனே முடித்துத் தள்ளுவது மட்டும் என் நோக்கமில்லை. முடித்த அந்த 12-இல் ஒன்றைப் பற்றி அக்காள் மகன் "அது எப்படி மாமா இருந்துச்சி?" என்று கேட்டபோது "நல்லா இருந்துச்சி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நாற்பது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வாக்கியம் தேறவில்லை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு விமர்சனம் எழுதுவது என்று முடிவு செய்தேன். எந்த வழி நல்ல வழி என்று பார்க்க எனக்கு மூன்று அளவுகோல். எழுதுவதற்கு ஏதாவது மிஞ்ச வேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறும் என் செம்பனை ஆலை வேலைக்குப் பொருந்த வேண்டும். மூன்றாவது, அதுவே இன்னொரு வேலையாகிவிடக் கூடாது. இந்த இரண்டு வருடத்தில் ஆறு வழிகளைப் பார்த்துவிட்டேன்.

வாங்கிய வரிசை

முதலில் தோன்றியது இதுதான். எதை முதலில் வாங்கினோமோ அதை முதலில் விளையாடுவது. பாட்டி ரப்பர் வெட்டிய காலத்தில் நிரையில் முதல் மரத்திலிருந்து கடைசி மரம்வரை ஒன்றையும் விடாமல் வெட்டிக்கொண்டே போவாராம். அதே ஒழுங்கு. கேட்க நியாயமாக இருக்கும்.

இரண்டு மாதத்தில் நாலு கேம் முடித்தேன், நாலும் எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் சாதாரணமானது: ஆரம்பத்தில் வாங்கியவை பெரும்பாலும் பத்துக் கேம் ஒரு கட்டாக மலிவு விலையில் வந்தவை. ஒன்றுக்காக ஒன்பதைச் சேர்த்து வாங்கினேன், இப்போது அந்த ஒன்பதும் வரிசையில் முன்னால் நிற்கின்றன. பத்து வருடத்துக்கு முந்திய என் ரசனைக்கு இன்றைய நான் வேலை செய்து கொடுக்கிற மாதிரி ஆகிவிட்டது. இந்த வழியை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சின்னது முதலில்

ஹவ் லாங் டு பீட் என்று ஒரு தளம் இருக்கிறது. விளையாடியவர்களே தங்களுக்கு ஆன நேரத்தைப் பதிவு செய்வார்கள். கதையை மட்டும் முடிக்க எவ்வளவு, கூடுதல் வேலைகளோடு எவ்வளவு, ஒன்றுவிடாமல் எல்லாம் முடிக்க எவ்வளவு என்று மூன்று கணக்கு கிடைக்கும். விட்சர் 3-க்குக் கதை மட்டும் 50 மணி நேரத்துக்கு மேல், எல்லாம் முடிக்க 170-ஐத் தாண்டும். போர்ட்டல் என்ற 2007-ஆம் ஆண்டுக் கேமுக்கு மூன்று மணி நேரம் போதும். என் பட்டியல் முழுவதற்கும் நேரத்தை எழுதி, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கினேன்.

நாலு மாதத்தில் 23 முடிந்தன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச எந்த வழியாலும் முடியாது. இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் வராத காலையில் இன்சைட் மாதிரி ஒன்றை இரண்டு அமர்வில் முடித்துவிடலாம். நோட்டில் கோடு போடும் சுகம் தனி.

இந்த வழியில் எனக்குக் கிடைத்த இரண்டு கேம்களைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று வெண்பா. 2023-இல் வந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதியின் கதை. அவர்களுக்கு ஒரு மகன். அம்மாவின் பழைய சமையல் குறிப்பு நோட்டில் சில வரிகள் அழிந்துபோயிருக்கும், விட்டுப்போனதை ஊகித்துச் சமைக்க வேண்டும். மொத்தமே ஒன்று, ஒன்றரை மணி நேரம். முதல் புதிரே இட்லிப் பாத்திரம். நான் தட்டை எப்படி அடுக்குவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த என் அம்மா, "தட்ட மாத்தி வை. இட்லி மேல இட்லி நசுங்கும்" என்றார். வாழ்நாளில் அவர் எனக்குக் கொடுத்த முதல் கேம் டிப்ஸ் அதுதான். பிறகு துணியை ஓரமாக வைத்துவிட்டு முடியும்வரை உட்கார்ந்து பார்த்தார். அந்தப் பையன் வளர்ந்து தாய்ப் பேச்சிலிருந்து விலகிப் போகிற இடத்தில், ஜோகூருக்கு வேலைக்குப் போன என் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். 2024-இல் வெண்பாவுக்கு பிரிட்டனின் பாஃப்டா அறிமுகக் கேம் விருது கிடைத்தது. நோட்டில் நான் இரண்டு பக்கம் எழுதினேன். ஒரு பக்கம் அம்மாவைப் பற்றி.

சிலர் "ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வெள்ளி விழுகிறது" என்று வகுத்துப் பார்ப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். அந்தக் கணக்கில் என் பட்டியலிலேயே ஆக நஷ்டமான கேம் வெண்பா. அன்றோடு அந்தக் கணக்கை விட்டேன்.

இன்னொன்று ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018-இல் லூகாஸ் போப் என்பவர் செய்தது. கறுப்பு வெள்ளை இரண்டே நிறம். 1807-ஆம் ஆண்டு, காணாமல் போன ஒரு வணிகக் கப்பல் ஆளில்லாமல் திரும்பி வருகிறது. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கையில் ஒரு கடிகாரம். ஒரு பிணத்தின் அருகே அதைத் திறந்தால், அந்த ஆள் செத்த கணம் உறைந்து நிற்கும். கப்பலில் இருந்த 60 பேரும் யார், எப்படிப் போனார்கள் என்று பெயர்ப் பட்டியலில் நிரப்ப வேண்டும். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் சரி என்று காட்டும், ஆகவே குருட்டாம்போக்கில் போட முடியாது. பேச்சின் தொனி, உடை, தூங்கும் தொட்டிலின் எண் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த மாலுமிகளும் அதில் உண்டு.

என் பாட்டி ராஜுலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் வருகைப் பதிவேட்டில், அவர் பெயர் தப்பாகத்தான் எழுதப்பட்டிருந்தது, சாகும்வரை அடையாள அட்டையிலும் அதே தப்பு. ஒரு பட்டியலில் இருக்கும் பெயருக்கு முகம் தேடுகிற கேமை நான் சும்மா ஒரு புதிராக விளையாட முடியவில்லை. எட்டு மணி நேரக் கேம், எனக்குப் பதிமூன்று ஆயிற்று.

ஆக இந்த வழி நல்ல வழிதானே? நாலாவது மாதம் நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி பத்து விமர்சனமும் ஒன்று போலவே இருந்தன: அழகாக இருந்தது, சோகமாக முடிந்தது, சீக்கிரம் முடிந்தது. மூன்று மணி நேரக் கேம்களை வரிசையாக விழுங்கினால் ஒன்றின் ருசி அடங்குமுன் அடுத்தது வாயில் விழுகிறது. அதோடு, பெரியவை எல்லாம் பட்டியலின் அடியில் மலை மாதிரி சேர்ந்துகொண்டே போகின்றன. கடைசியில் 80 மணி நேரக் கேம்கள் மட்டுமே மிஞ்சும் ஒரு நாள் வரும் என்று நினைத்தாலே களைப்பாக இருந்தது. முப்பது நாற்பது கேம் பாக்கி உள்ளவருக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். இருநூறுக்கு இது ஆகாது.

ஒரே தொடர், அப்புறம் குலுக்கல்

தொடராக விளையாடுவது எனக்குச் சரிவரவில்லை. யாக்குசா தொடரை எடுத்தேன். யாக்குசா 0 அருமை, 1988-ஆம் ஆண்டின் தோக்கியோ இரவு அப்படியே கண்முன் நிற்கும். அடுத்தது கிவாமி. அதே கமுரோச்சோ தெரு, அதே முனை, அதே சண்டை. மூன்றாவதைத் திறந்தபோது எங்கள் ஊர்ச் சந்தியில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஊர்ச் சந்தியில் நிற்க எனக்குக் கேம் எதற்கு? நீண்ட பள்ளி விடுமுறை உள்ள மாணவர்களுக்கு இது பொருந்தலாம், கதை தொடர்ச்சியாக மனதில் நிற்கும். இடையில் இரவு ஷிப்ட் விழுகிற ஆளுக்கு இல்லை.

குலுக்கல் அக்காள் மகனின் யோசனை. பெயர்களைச் சீட்டில் எழுதி மைலோ டின்னில் போட்டு, கூட்டுப் பணத்துக்குக் குலுக்குவது மாதிரி குலுக்கி எடுப்பது. முதல் சீட்டில் நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ் வந்தது. கோலாலம்பூரில் செய்த கேம், 2020-இல் வெளியானது, ராக் இசைக்கும் மின்னிசைக்கும் நடக்கும் அடிதடி. முடித்தேன், சந்தோஷம். இரண்டாவது சீட்டில் பெர்சோனா 5 ராயல். நூறு மணி நேரம். அதுவும் பள்ளிவாசல் பக்கத்து ஒப்பந்தக்காரர் எல்லாம் பெருநாள் விடுப்பில் போய், நான் தொடர்ந்து இரவு வேலை பார்த்த வாரத்தில். சீட்டை டின்னிலேயே திரும்பப் போட்டேன். "இது கள்ளாட்டம்" என்று அவன் கோபித்துக்கொண்டான். கள்ளாட்டம்தான். வீட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுபவர்கள் குலுக்கலாம். நாலு பேர் கூடினால் கிகாபேஷ் மாதிரி அரக்கர்களை மோதவிடும் கேமுக்குச் சீட்டுப் போடுவது நல்ல பொழுதுபோக்கு.

இரண்டு மணி நேரச் சோதனை

ஸ்டீமில் ஒரு விதி உண்டு: வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதைப் பார்த்துப் பலரும் அந்த இரண்டு மணி நேரத்தையே ஒரு அளவாக வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு மணி நேரம் விளையாடு, பிடிக்கவில்லையா, தூக்கிப் போடு.

மூன்று மாதம் இதைச் செய்தேன். 60 கேம் சோதித்து 41-ஐ நீக்கினேன். குப்பை அள்ள இதைவிட நல்ல முறம் கிடையாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். கணினியிலும் இடம் காலியாயிற்று. இப்போதைய பெரிய கேம்கள் பலவும் நூறு கிகாபைட்டுக்கு மேல் பிடிக்கின்றன.

ஆனால் அளவு தப்பு. போர்ட்டலில் இரண்டு மணி நேரம் என்றால் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் இரண்டு மணி நேரம் என்பது முதல் அத்தியாயம் மட்டும்: பனிமலை, இழுத்து இழுத்து நடக்கும் குதிரை, இருட்டு. அந்தக் கும்பல் மலையிலிருந்து இறங்கிப் பச்சை வெளியைப் பார்க்கும் நேரத்தில் என் சோதனை நேரம் முடிந்தது. "வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். பெர்சோனா 5 ராயலோ முதல் சில மணி நேரம் நம் கையைப் பிடித்துக்கொண்டேதான் நடத்தும். டிஸ்கோ எலிசியத்தில் பத்து லட்சம் சொற்கள் இருக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் கதாநாயகன் தன் பெயரையே கண்டுபிடித்திருக்க மாட்டான். ஒரே கோலால் எறும்பையும் யானையையும் அளந்த கதை.

சுற்று

நான் ஆலையில் குலை தரம் பார்ப்பவன். லாரி வந்து ரேம்பில், அதாவது சரிவு மேடையில், கொட்டும் செம்பனைக் குலைகளில் எது பழம், எது அரைப்பழம், எது காய் என்று பிரிப்பது என் வேலை. அப்பா அறுவடைக்காரராக இருந்தவர். செம்பனை அறுவடை ரப்பர் மாதிரி கிடையாது. ஒவ்வொரு மரத்தையும் தினமும் தொட மாட்டார்கள். பத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்றில் பழுத்ததை மட்டும் வெட்டுவார்கள். பழுக்காதது அடுத்த சுற்றுக்கு நிற்கும். பழுத்ததா என்று தெரிய மேலே ஏறிப் பார்க்க வேண்டியதில்லை, மரத்தடியில் உதிரிப் பழம் கிடக்கும். குலையில் பத்துப் பழமாவது தானாக உதிர்ந்த குழி இருந்தால்தான் நாங்கள் பழம் என்று எழுதுவோம்.

ஒரு நாள் ரேம்பில் நின்றபோது, காரணமே இல்லாமல், "வேண்டாம்" என்று நான் எழுதிவிட்ட ரெட் டெட்டின் குதிரை ஞாபகம் வந்தது. அதற்குத் தீனி போட்டோமா என்று ஒரு யோசனை. அட, உதிர ஆரம்பித்துவிட்டதே என்று நினைத்தேன். அப்படித்தான் இந்த வழி பிறந்தது.

இப்படிச் செய்கிறேன். ஒரு சுற்றுக்கு 14 நாள். என் பகல் வாரமும் இரவு வாரமும் சேர்ந்தது. ஒரு சுற்றில் மூன்று கேம் மட்டும் கணினியில் இருக்கும்: பெரியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, சின்னது ஒன்று. எதை எப்போது விளையாடுவது என்று கட்டாயம் இல்லை. சுற்று முடியும் சனிக்கிழமை மூன்றையும் பார்ப்பேன். முடிந்ததை எழுதி நீக்குவேன். முடியாதது, ஆனால் வேலையிலோ குளிக்கும்போதோ தானாக நினைவுக்கு வந்தது என்றால் அடுத்த சுற்றுக்கு நிற்கும். 14 நாளில் ஒரு தடவைகூட நினைவுக்கு வராதது, நானாகத் திறக்காதது, காய் என்று எழுதி நீக்கப்படும். சோதனை மணிக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில். இதுதான் வித்தியாசம். ஒரு கேமை விளையாடாமல் இருக்கும் நேரத்தில்தான் அது எனக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிகிறது.

ரெட் டெட் நாலு சுற்று நின்றது. ஸ்டார்டியூ வேலி, எரிக் பரோன் என்ற ஒரே ஆள் செய்து 2016-இல் விட்ட விவசாயக் கேம், இன்னும் நிற்கிறது. அதில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய 14 நிமிடம், இரவு வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு நாள் பயிர் பார்த்துவிடலாம். பகலெல்லாம் செம்பனையோடு இருந்துவிட்டு வந்து பரங்கிக்காய் நடுகிறாயே என்று அப்பா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எண்ணிக்கையில் இந்த வழி தோற்றுவிடும். ஆறு மாதத்தில், 13 சுற்றில், முடித்தவை 14, நீக்கியவை 19. சின்னது முதலில் என்று போனபோது நாலே மாதத்தில் 23 முடித்திருந்தேன். ஆனால் நோட்டில் இந்த 33-ம் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கின்றன, ஏனென்றால் ஒரு நேரத்தில் மூன்று விதமான கேம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்றைப் பற்றி எழுதும்போது மற்றதோடு ஒப்பிட வருகிறது. என் முதல் அளவுகோல் அதுதானே.

குறையும் உண்டு. விரல் பழக்கம் வேண்டிய கேம்களுக்கு இது ஆகாது. ஹாலோ நைட்டை ஒரு இரவு வாரம் முழுக்கத் தொடாமல் விட்டுத் திரும்பினால், எந்தப் பொத்தான் எதற்கு என்றே விரல் மறந்திருக்கும். வழக்கமாகத் தாண்டும் பூச்சியிடம் அடி வாங்கிச் சாவேன். எல்டன் ரிங்கில் யாரிடம் என்ன வேலை ஒத்துக்கொண்டோம் என்று குறித்துவைக்கும் பட்டியலே கிடையாது, இரண்டு வாரம் விட்டால் தொலைந்தோம். அவுட்டர் வைல்ட்ஸ் தப்பித்தது. 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், நாம் கண்டுபிடித்தது மட்டும் கப்பல் குறிப்பேட்டில் நிற்கும். அதைப் படித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து போகலாம். ஆகவே விரல் கேம்களைத் தனியாக எடுத்து ஆண்டு விடுப்புக்கென்று வைத்திருக்கிறேன். வைத்திருக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். விடுப்பில் பத்துமலை, மாமியார் வீடு, பல் டாக்டர் என்று போய்விடுகிறது.

எழுதுவதில் என்ன வழி

மதிப்பெண் போடுவதா வேண்டாமா என்பதில்தான் அதிகம் தடுமாறினேன். மெட்டாகிரிட்டிக்கில் 100-க்கு இத்தனை என்று சராசரி போடுவார்கள். ஸ்டீமில் கட்டைவிரல் மேலே அல்லது கீழே, அவ்வளவுதான். ஆனால் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று பக்கத்தில் காட்டும். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. நூற்றுக்கு 83-க்கும் 86-க்கும் என்ன வித்தியாசம் என்று போட்ட ஆளுக்கே ஒரு மாதம் கழித்துத் தெரியாது. நான் போட்ட 83-கள் எனக்கே தெரியவில்லை.

இப்போது என் நோட்டு செக்ரோல் மாதிரி கோடு போட்டிருக்கிறது: தேதி, கேம், மணி நேரம், தரம், கீழே பத்து வரி. தரம் மூன்றே: பழம், அரைப்பழம், காய். அரைப்பழம் என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை, இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் நன்றாக வந்திருக்கும் என்று அர்த்தம். அவசரப்பட்டு வெளியிட்ட கேம்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

முடிக்காததைப் பற்றி எழுதலாமா? கூடாது என்று வாதாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் எழுதுகிறேன், எத்தனையாவது மணியில் விட்டேன் என்பதோடு. என் நோட்டில் நன்றாக வந்த பக்கங்கள் சில, பாதியில் விட்டவைதான். ஏன் விட்டேன் என்பதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதே.

எப்போது எழுதுவது என்பதில் ஆலைப் பாடம் பாதிதான் உதவியது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்க வேண்டும், தாமதித்தால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். அதே மாதிரி முடித்த மறுநாளுக்குள் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் விவரம் நிற்கும். ஆனால் அன்றைக்கு எழுதியதில் கோபமும் குஷியும் அதிகம். மலையேறும் கேமான செலஸ்ட் முடித்த அன்று, ஏழு வரிக்கு அது எவ்வளவு கடினம் என்று திட்டியிருக்கிறேன். ஒரு மாதம் கழித்து அதன் கீழே ஒரே வரி சேர்த்தேன்: ஆட்டத்தை எளிதாக்கும் உதவி வசதியைப் போட்டுக்கொண்டு ஏறியிருந்தாலும் மலை மலைதான். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் கழித்து ஒரு வரிக்கு இடம் விடுகிறேன். திரும்பிப் படிக்கும்போது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான் எனக்கு வேண்டியதாக இருக்கிறது.

கணக்குச் சொல்லிவிடுகிறேன். 212-இல் 108 நிற்கிறது. நடுவில் ஆறு வாங்கிவிட்டேன், ஆகவே 114. ஸ்டீமில் ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆறு பேர்வரை ஒரு குடும்பமாகச் சேர்ந்து கேம்களைப் பகிரலாம் என்ற வசதி 2024-இல் வந்தது. நான் ஒன்றை விளையாடும்போது அக்காள் மகன் என் கணக்கிலுள்ள வேறொன்றை விளையாடலாம். அவன் இப்போது நான்காம் படிவம். தேர்வுக் காலத்தில் அவன் அம்மா கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார், மாற்றினேன், அவனுக்கு அது தெரியும் என்று எனக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை சுற்று முடிந்து நோட்டை எடுத்தேன். மூன்று மாதத்துக்கு முன் ஹாலோ நைட்டுக்கு நான் எழுதியிருந்த பக்கம்: 9 மணி நேரம், காய். கீழே மாதம் கழித்து எழுத விட்டிருந்த வெற்று வரியில் பென்சிலால் அவன் கையெழுத்து. 41 மணி நேரம், பழம். அதற்குக் கீழே இன்னும் சின்னதாக: "மாமா, காய வெட்டிட்டீங்க."